சந்தனத்துக்குப் பயப்படாத பிரேக்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ரயிலில் ஒருமுறை இரண்டு பிரேக் டிஸ்குகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மேலே பெட்டி வைக்கும் தட்டில் வைக்கப் பயம். விழுந்தால் கீழே இருப்பவருக்கு அத்தோடு பயணம் முடிந்துவிடும். காலடியில் வைக்கவும் மனமில்லை. யாராவது தேநீரைக் கொட்டி வைப்பார்கள். பழைய சேலைத் துணியில் சுற்றி, மருந்துக் கம்பனி ஒன்று இலவசமாகத் தந்த பையில் போட்டு, பிள்ளையை வைத்திருப்பதுபோல் வைத்திருந்தேன். எதிரே இருந்த அம்மா அநுராதபுரம் வரை பொறுத்திருந்துவிட்டு, "பிள்ளை, உது தோசைக்கல்லோ?" என்று கேட்டார். "ஓம் அன்ரி" என்றேன். "ரெண்டு எதுக்கு?" "ஒண்டு அக்காவுக்கு." உண்மையைச் சொல்லியிருந்தால் வவுனியா தாண்டியும் விளக்கம் முடிந்திருக்காது. என் தொடைகள் இரண்டும் விறைத்துப்போய், யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது நொண்டிக்கொண்டுதான் இறங்கினேன்.

அந்த டிஸ்குகள் அத்தானின் காருக்கானவை. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். வளைகுடா நாடொன்றில், பாலைவனத்துப் பந்தயக் கார்களைத் திருத்தும் பட்டறையில் பல வருடம் வேலை செய்தவர். மற்றவர்கள் அங்கிருந்து நகையும் டிவியும் கொண்டுவந்த காலத்தில் இவர் ஒரு காரைக் கொண்டுவந்தார். பார்வைக்கு அது சாதாரண வெள்ளைக் குடும்பக் கார்தான். கொஞ்சம் பதிந்திருக்கும், முன்மூடியில் காற்றுப் போக ஒரு வாய் இருக்கும், அவ்வளவுதான். இயந்திரத்தை முடுக்கினால் ஒழுங்கை முழுக்கக் கோழிகள் வேலியேறும். ஊரில் அதற்குச் சீறுகார் என்று பெயர் வைத்தார்கள். அத்தான் அதை ஊருக்குள் மெதுவாகத்தான் ஓட்டுவார், ஆனால் கொழும்புக்குப் போகும்போது வன்னிக்குள் நீட்டு நேராய்க் கிடக்கும் வீதி வந்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்துக்காகவே நானும் இரண்டு மூன்று முறை தேவையில்லாத அலுவல் சொல்லிக்கொண்டு கூடப் போயிருக்கிறேன். அக்கா கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டு வருவாள்.

கீரிமலைப் பக்கம் அவர்களுடைய காணி போர்க்காலத்தில் இராணுவத்தின் கைக்குள் போய், நீண்ட காலம் அடைபட்டுக் கிடந்து பின்னர் விடுபட்டது. வீடு கட்டிக் குடியேறி, வேலி அடைக்கும்போது, பழைய கல்வேலிக்குக் கீழே எஞ்சிக் கிடந்த மிதிவெடி ஒன்றில் அத்தானின் வலது கால் போனது. முழங்காலுக்குக் கீழே. அதைப்பற்றி நான் இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. அத்தானும் அதிகம் கதைப்பதில்லை. ஆஸ்பத்திரி, பிறகு பொய்க்கால், பிறகு அந்தப் பொய்க்காலோடு சண்டை என்று காலம் போனது. கார் அவ்வளவு காலமும் கொட்டகைக்குள் நின்றது. கடல் கூப்பிடு தூரம். உப்புக் காற்று சும்மா இருக்குமா? ஒருநாள் தள்ளிப் பார்த்தபோது முன் சில்லுகள் உருள மறுத்தன. சில்லோடு சேர்ந்து சுழலும் டிஸ்குகள் சொரசொரவென்று துருவேறி, அவற்றை இரு பக்கமும் நெரித்துப் பிடிக்கிற பிரேக் பாட்டுகள் அப்படியே ஒட்டிப்போயிருந்தன.

அக்காவுக்கு அது வசதியாகப் போயிற்று. வெளியிலிருந்து கார் இறக்கத் தடை இருந்ததால் பழைய கார்களுக்கு விலை ஏறியிருந்த நேரம் அது. கொழும்பில் ஒருவர் அந்தக் காரை நிற்கிற நிலையிலேயே எடுக்கத் தயாராக இருந்தார். "ஒரு கால் போனது காணும். மிச்சத்தையும் உந்தச் சனியன் கொண்டுபோக நான் விடமாட்டன்" என்று அக்கா சொல்லிவிட்டாள். அக்கா ஒன்றைச் சொல்லிவிட்டால் அது பாறை. நான் வேலை பார்க்கும் நெல்லியடியிலிருந்து வார விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். அக்கா குசினிக்குள் போனதும் அத்தான் மெல்லச் சொன்னார்: "பிள்ளை, ஓட்டோக்காரன் கமுக்கட்டிலை பிடிச்சுத் தூக்கி ஏத்துறான். போன இடத்திலை தூக்கி இறக்கிறான். நல்ல பெடியன்தான். எண்டாலும் என்னைச் சாமான் மாதிரி ஏத்தி இறக்கினம்." அவ்வளவுதான் சொன்னார். நான் உடனே குசினிக்குள் போய் அக்காவோடு சண்டை பிடித்தேன். எனக்கு அழுகை வரும்போது சண்டைதான் வரும்.

கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. தைப்பொங்கல் வரை அக்கா பொறுப்பாள். அதற்குள் கார் ஓடி, அவள் கண்முன்னே நிற்க வேண்டிய இடத்தில் நின்றால் அது வீட்டில் இருக்கும். இல்லையென்றால் கொழும்புக்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போவார். ஓடுவதைப்பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. நிற்பதுதான் கேள்வி.

நிற்பதற்கு முதலில் கால் வேண்டும். கார் தானாகக் கியர் மாறுவது என்பதால் கிளச் இல்லை. பொய்க்காலால் அக்சிலேட்டரை அழுத்தலாம், ஆனால் அதில் உணர்வு கிடையாது. பிரேக்கை அதனிடம் ஒப்படைக்க முடியாது. பிரேக் இடது காலுக்கு என்று முடிவானது. முறைப்படி சோதனைக்குப் போய் அனுமதியும் எடுத்தார். ஆனால் அந்த இடது கால் இளம் வயது முதல் வான்களிலும் லொறிகளிலும் கிளச்சை மட்டும் மிதித்துப் பழகிய கால். கிளச்சை ஒரே உதையாய் உதைப்பார்கள். பிரேக்கை அப்படி உதைத்தால் பக்கத்தில் இருப்பவரின் நெற்றி கண்ணாடியில். நான் மருந்தாளராக வேலை செய்கிறேன். எங்கள் இடத்தில் கழித்துவிட்ட, ஆள் ஏறி நின்று நிறை பார்க்கும் தராசு ஒன்று கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அத்தான் அதைச் சுவரோடு சாய்த்து வைத்து, கதிரையில் இருந்து இடது காலால் அழுத்துவார். முள் துள்ளாமல் மெல்ல ஏறி, சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். பின்னேரங்களில் அக்கா விறாந்தையில் வெங்காயம் துப்புரவாக்கிக்கொண்டு, பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அடுத்தது பிரேக்கைத் தேர்ந்தெடுப்பது. ஒரு மருமகனைத் தேர்ந்தெடுப்பதற்குக்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு பாடு பட்டதில்லை. அத்தான் பொய்க்காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருப்பார். நான் கைபேசியில் ஆங்கிலத்தில் உள்ளதை வாசித்துச் சொல்வேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பெரிய டிஸ்க் போட்டால் பெரிய சில்லு வேண்டும், பெரிய சில்லு போட்டால் எங்கள் ஒழுங்கையின் பள்ளங்களில் வளையம் நெளியும். ஆகவே அளவு பழையதுதான். முன் சில்லுகளுக்குப் புது டிஸ்க், பின்னுக்கு உள்ளவற்றைக் கடைந்து மினுக்கினால் போதும். ரப்பர்க் குழாய்கள் வெடித்திருந்தன, அவையும் புதிது. பிரேக் எண்ணெய் ஈரத்தைக் குடிக்கும், கடற்கரையில் இன்னும் குடிக்கும், ஆகவே முழுவதும் வடித்துப் புதிதாக. இப்படி ஒவ்வொன்றாக. நான் வேலை அலுவலாகக் கொழும்புக்குப் போனபோது, பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை ஒன்றில் நின்று அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தேன். கடைக்காரர், சுற்றிவரத் துளை போட்ட டிஸ்க் ஒன்றை ஆலத்தித் தட்டுப்போல் ஏந்திக் காட்டினார். அழகுதான். எனக்கே ஆசை வந்தது, அத்தானிடம் வருணித்தேன்.

"ஓட்டை வேண்டாம் பிள்ளை" என்றார் அத்தான். "உது வடிவுக்கு. வெடிப்பு வந்தா அந்த ஓட்டையிலைதான் துவங்கும். வெறும் டிஸ்கா எடு."

இவ்வளவு நிதானமாகக் கதைத்த மனிதர்தான் பிரேக் பாட்டுகள் விஷயத்தில் சறுக்கினார். வளைகுடாவில் கூட வேலை செய்த நண்பர் ஒருவர், இவர் மறுபடி கார் ஓட்டப்போகிறார் என்று கேள்விப்பட்டு, பந்தயக் கார்களுக்குப் போடும் பாட்டுகளை அனுப்பி வைத்தார். பெட்டியைத் திறந்து அவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்த அத்தானின் முகத்தில் அந்த வன்னி வீதி வெளிச்சம் வந்தது. நான் வாசித்துச் சொன்னேன்: "இது சூடேறினாத்தான் பிடிக்குமாம். குளிரிலை வழுக்குமாம்." "சூடேத்திப் போட்டு ஓடலாம்" என்றார். "சந்தைக்குப் போற வழியிலை எங்கை அத்தான் சூடேத்திறது? மிளகாய் வாங்கப் போறதுக்கு முதல் வவுனியாவுக்கு ஒருக்காப் போட்டு வரவோ?" அவர் சிரித்தார், ஆனால் விடவில்லை. "இந்தக் கார் அதுக்குத்தான் பிள்ளை பிறந்தது" என்றார். காரைப்பற்றி மட்டும் அவர் சொல்லவில்லை என்று எனக்கு விளங்கியது. பெட்டியை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

பூட்டி முடித்ததும், முதலில் வீதியில் ஓடி, பிரேக்கைப் பல தடவை பிடித்துப் பிடித்துப் பதமாக்க வேண்டும் என்று அத்தான் சொன்னார். புது டிஸ்கும் புது பாட்டும் ஒன்றோடொன்று தேய்ந்து பழகாமல் சரியாகப் பிடிக்காது. அக்கா கேட்கவில்லை. பிள்ளையாரிடம் காட்டாமல் வீதியில் இறக்குவதா? எங்கள் ஊரில் பழைய சைக்கிளுக்குப் புது ரயர் போட்டாலே தேங்காய் உடைப்பார்கள். நல்ல நேரமும் பார்த்து வந்துவிட்டாள். காரை எடுக்கவே கூடாது என்று நின்றவள் பூசைக்கு நேரம் பார்த்து வந்ததே பெரிய காரியம் என்று அத்தான் தலையாட்டிவிட்டார். பூசைக்கு முன் ஓடக்கூடாது என்பதால் ஒழுங்கைச் சனம் சேர்ந்து காரைக் கோயில் வாசல் வரை கையால் தள்ளிக்கொண்டு வந்தது. அத்தான் உள்ளே இருந்து ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலத்தில் வருபவர்போல் வெட்கப்பட்டுக்கொண்டு வந்தார்.

ஐயர் மந்திரம் சொல்லி, முன்மூடிக்குத் திருநீறும் பூவும் வைத்தார். நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தாயிற்று. அப்போது அக்கா பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சில்லடியில் குந்தினாள். புதிதாக வந்தது எதுவோ அதற்குத்தானே பொட்டு வைக்க வேண்டும்? வந்தது பிரேக். அலுமினிய வளையத்தின் கம்பிகளுக்கூடாக விரலை விட்டு, மினுங்குகிற டிஸ்கில் தாராளமாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தாள். நான்கு சில்லுக்கும். அத்தான் காருக்குள் இருந்ததால் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்; எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, எங்கள் அக்கா எவ்வளவு வடிவாகப் பொட்டு வைக்கிறாள் என்பதைத் தவிர.

கார் சீறியது. தேசிக்காய்கள் நசிந்தன. இரண்டு முழம் போய் நிற்க வேண்டிய கார் நிற்காமல் போனது. வேகமில்லை, ஆள் நடக்கிற நடைதான். அத்தான் தராசில் பழகியதுபோலவே மெல்ல, பிறகு பலமாக மிதித்திருக்கிறார். கார் தன் போக்கில் வழுக்கிக்கொண்டே போனது. ஐயர் கற்பூரத் தட்டோடு ஒரு பாய்ச்சல் பாய்ந்தார். அந்த வயதில் அப்படிப் பாய முடியும் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கார் போய், சிதறு தேங்காய் உடைக்கிற கல்லில் முட்டி, முன் பம்பர் வெடித்து நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. ஐயர்தான் முதலில் வாயைத் திறந்தார்: "பிரேக் பிடிக்கேல்லை. பிள்ளையார் பிடிச்சவர்."

சிரித்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கிண்ணத்தை என் கையில் தந்துவிட்டு, "நாளைக்கு நான் கொழும்புக்குக் கதைக்கிறன்" என்று சொல்லி நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அத்தான் காருக்குள்ளேயே இருந்தார். இறங்க யாரும் கைகொடுக்கப் போனால் வேண்டாம் என்று தலையசைத்தார். அவருடைய முகத்தை அப்படி நான் ஆஸ்பத்திரியில்கூடக் கண்டதில்லை. எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

பின்னேரம் கொட்டகைக்குள் அத்தான் நிலத்தில் இருந்தபடி சில்லைக் கழற்றினார். டிஸ்க் முழுக்க மஞ்சள் இழுபட்டிருந்தது. பாட்டுகளில் சந்தனம் களிம்புபோல் அப்பியிருந்தது, ஓரத்தில் குங்குமச் சிவப்பு. விரலால் தொட்டு மணந்து பார்த்தார். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. "இருங்கோ, அவவைக் கூப்பிட்டுக் காட்டுறன். கார் விக்கிறாவாம் கார்" என்று எழும்பினேன். அத்தான் என் கையைப் பிடித்து இருத்தினார்.

"சொல்லாதை பிள்ளை. காரை வில்லுங்கோ எண்டு நிண்டவ. எண்டாலும் நாலு சில்லுக்கும் பொட்டு வைச்சவ."

அவர் ஒரு துணியால் டிஸ்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, நான் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிற அந்த வார்த்தையைச் சொன்னார்: "பிழை சந்தனத்திலை இல்லை. சந்தனத்துக்குப் பயப்படுற பிரேக் எங்களுக்குச் சரிவராது." சுன்னாகச் சந்தையடியில் வெங்காய மூட்டை கட்டிய சைக்கிள் குறுக்கே வரும், மாடு வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று பேர் ஒன்றாகக் கதைத்துக்கொண்டு வருவார்கள். கார் அப்போதுதான் வீட்டிலிருந்து வெளிக்கிட்டிருக்கும், எல்லாம் குளிர்ந்து கிடக்கும். மழை பெய்திருக்கும். உப்பு அரித்திருக்கும். அந்த முதல் மிதியிலேயே பிடிக்க வேண்டும், பிடிப்பதையும் மெல்ல மெல்லப் பிடிக்க வேண்டும், இடது கால் பழகிய கால் அல்ல. இந்தக் கார் பந்தயத்துக்குப் பிறந்ததாக இருக்கலாம், வாழ்க்கைப்பட்டது எங்கள் ஊருக்கு என்று அவர் சொன்னபோது, அவருடைய குரலில் கசப்பு இருக்கிறதா என்று உற்றுக் கேட்டேன். இல்லை. எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அன்று அத்தான் அக்காவிடம் போய் ஒரேயொரு விஷயம் கேட்டார். "பொங்கல் வரைக்கும் எண்டுதானே சொன்னனீர்? பிரேக் பாட்டைத் தெரிஞ்செடுத்ததிலை பிழை என்ரை. இன்னும் நாள் கிடக்கு." அக்கா கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டு, "பொங்கல் வரைக்கும் எண்டா பொங்கல் வரைக்கும்தான்" என்றாள். பாறைக்கு இருக்கிற நல்ல குணம் அது, சொன்ன சொல்லிலிருந்து அதுவும் நகராது.

பந்தயப் பாட்டுகளைத் துடைத்து நண்பருக்கே திருப்பி அனுப்பினார். சுன்னாகத்தில் ஒரு கடையில் சொல்லி, வீதிக்கென்று செய்த பாட்டுகளை எடுப்பித்தோம். பெட்டியில் பந்தயக் கொடியும் இல்லை, சிவப்பு நிறமும் இல்லை. இந்த முறை பூசைக்கு முன் ஓட வேண்டும் என்று ஐயரே அடித்துச் சொன்னார். "பிடிக்கிறதை வடிவாப் பாத்துப்போட்டுக் கொண்டுவாங்கோ. எனக்கும் குடும்பம் கிடக்கு." ஒரு காலை, வெயில் ஏறுமுன், கடலோர வீதியில் நானும் அத்தானும் போனோம். வேகம் எடுப்பார், மெல்லப் பிடிப்பார், முழுக்க நிறுத்தாமல் விடுவார், மறுபடி எடுப்பார். ஒவ்வொரு முறையும் பிடி கொஞ்சம் கொஞ்சமாக இறுகி வந்ததை என் முதுகே உணர்ந்தது. சூடான உலோக மணம் உள்ளே வந்தது. அத்தான் ஏதோ பழைய சினிமாப் பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். கால் போனதிலிருந்து அவர் பாடி நான் கேட்டதில்லை. நான் வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

பொங்கலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை மறுபடி கோயில். அக்கா மறுபடி சந்தனக் கிண்ணத்தோடு குந்தினாள். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் கண்ணாடியை இறக்கி, "நல்லா வையும்" என்றார். அவள் நன்றாகத்தான் வைத்தாள். ஐயர் இந்த முறை மந்திரத்தைத் தேமா மரத்துக்கு அப்பால் நின்று சொன்னார். தேசிக்காய் நசிந்தது, கார் இரண்டு முழம் நகர்ந்தது, நின்றது. குலுங்கவில்லை, கீச்சிடவில்லை. அக்கா காரையும் கல்லையும் இடையில் கிடந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி, வாங்கோ வீட்டை போவம்" என்று சொல்லி, எல்லோருக்கும் முன்னால், பின் கதவைத் திறந்து ஏறினாள். முன் சீற்றில் ஏற இன்னும் ஒரு வருடம் எடுத்தாள் என்பது வேறு கதை.

இப்போது அவர்கள் வாரம் ஒருமுறை நெல்லியடிக்கு என்னைப் பார்க்க வருகிறார்கள். ஓட்டோக்காரப் பெடியன் வழியில் கண்டால் கையசைக்கிறான். கீரிமலையில் தீர்த்தமாடிவிட்டுத் திரும்பும் வயதான அடியார்களைப் பஸ் தரிப்பிடத்தில் இறக்கிவிடுவதும் அத்தானுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. அவரே இறங்கி, பின் கதவைத் திறந்து, கைகொடுத்து இறக்குவார். பொய்க்கால் என்று பலருக்குத் தெரியவே தெரியாது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நானும் அவர்களோடு கீரிமலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய வெயில். நான் பின்னால் இருந்தேன். முன்னால் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் சீற்றின் மேலே மடக்கி வைத்து, தலையைக் கண்ணாடிப் பக்கம் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். சுன்னாகம் தாண்டி ஒரு திருப்பத்தில், பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒரு மாடு யோசனையோடு வீதிக்கு ஏறியது. அத்தான் பிரேக்கை மிதித்தார். அக்கா விழிக்கவில்லை.